எங்கள் வீட்டு மின்வாரியம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நான் பாதுகாப்பில் இருக்கிறேன். பாதுகாப்பு என்றதும், கேட்டில் நின்றுகொண்டு லாரிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு மரியாதை அதிகம். அவர் கை காட்டினால் லாரி நிற்கும். நான் சேஃப்டி. ஹெல்மெட் போடு, ஷூ போடு, கையுறை போடு என்று நாள் முழுக்கச் சொல்லி, யாரும் எதையும் போடாததைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் நான் மட்டும் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம்.

வருஷத்தில் ஒரு நாள் எனக்கும் மவுசு உண்டு. மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினம். 1966இல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் ஆரம்பித்த தேதி அது. அன்றைக்குக் கொடியேற்றி, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, நான் உறுதிமொழியை வரிவரியாகச் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முடிந்ததும் லட்டு கொடுப்போம். ஹெல்மெட்டைக் கழற்றி, அதற்குள் லட்டைப் போட்டுக்கொண்டு போவார்கள். எதற்காவது பயன்படுகிறதே என்று நானும் விட்டுவிடுவேன்.

என் வகுப்புகளில் ரொம்பப் பிரபலமானது ‘லோட்டோ’. பேரைக் கேட்டு லாட்டரி என்று நம்பி வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. லாக் அவுட், டேக் அவுட். மெஷினுக்குள் கை விடுகிறவன் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அணைத்த கைப்பிடியில் சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஆள் வேலை செய்கிறார், போடாதே’ என்று ஒரு அட்டையையும் தொங்கவிட வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கிறவரைக்கும் முதலாளியே வந்து நின்றாலும் கரண்ட் வராது. நான் படித்துப் பரீட்சை எழுதிய 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 24ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது: தவறிப்போய் ‘ஆன்’ பக்கம் நகரக்கூடிய சாதனம் எதுவானாலும் அதைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும்.

அதே சட்டத்தில் 67ஆம் பிரிவு என்று ஒன்று. பதினான்கு வயது நிறையாத குழந்தையை ஆலையில் வேலை செய்ய விடக் கூடாது. குழந்தைகளின் நலனுக்காகப் போட்ட சட்டம் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பாப்பா நடக்க ஆரம்பித்த பிறகுதான், அதில் ஆலையின் நலனும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று எனக்குத் தட்டுப்பட்டது.

பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. உயரம் இரண்டரை அடி. எங்கள் வாடகை வீட்டில் சுவிட்ச் போர்டு இருப்பது நாலரை அடியில். நடுவில் இருக்கிற இரண்டடியை நம்பித்தான் நான் காலாட்டிக்கொண்டு பேப்பர் படித்தேன். அந்த இரண்டடியை நிரப்புவதற்கென்றே உலகத்தில் பிளாஸ்டிக் சேர் என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் ஹாலில் ‘கிரீச்’ என்று சத்தம். தன்னைவிட உயரமான சேரை முதுகுப் பக்கத்தில் பிடித்துத் தள்ளிக்கொண்டு, நடுவில் கிடந்த என் செருப்பின்மேல் ஏற்றி இறக்கி, போர்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறி நின்று, ட்யூப் லைட்டைப் போட்டாள். அணைத்தாள். போட்டாள். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தாள். புது சப்ஸ்டேஷனைத் திறந்து வைத்த மந்திரி முகத்தில் அந்தக் களையைப் பார்க்கலாம்.

விபத்து நடந்தால் விசாரணை வைப்பது எங்கள் தொழில் தர்மம். டொயோட்டாக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த முறை ஒன்று இருக்கிறது. ‘ஏன்’ என்று ஐந்து தரம் கேட்டால் அடி வேர் தெரிந்துவிடும் என்பார்கள். ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

“பாப்பா ஏன் சுவிட்சப் போடுறா?”

“கை எட்டுது, போடுறா.”

“ஏன் எட்டுது?”

“சேர் மேல ஏறுறா.”

“ஏன் ஏறுறா?”

“போட்டா லைட் எரியும்னு தெரிஞ்சுபோச்சு.”

“ஏன் தெரிஞ்சுது?”

வீட்டுக்காரி ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இடுப்புல வெச்சுக்கிட்டு, லைட்டு எங்க, லைட்டு எங்க, பாப்பா போடு, ஆ வாங்குன்னு ஒவ்வொரு வாய்க்கும் சுவிட்சத் தட்ட வெச்சுச் சோறு ஊட்டினது யாருங்க?”

ஐந்தாவது ‘ஏன்’ தேவைப்படவில்லை. டொயோட்டாவுக்கு எழுதிப் போடலாம், நாலிலேயே கிடைத்துவிட்டது என்று.

அப்போது என் மாமியார் வந்திருந்தார். அத்தைக்கு ஒரு பழக்கம். விளக்கு வைக்கிற நேரத்தில் லைட் எரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்வார். குத்துவிளக்கானாலும் சரி, எல்.இ.டி. பல்பானாலும் சரி, வெளிச்சம் வெளிச்சம்தான். பாப்பா இதை இரண்டே சாயங்காலத்தில் கவனித்துவிட்டாள். இந்த சுவிட்சைத் தட்டினால் மேலே லைட் எரிகிறது. கூடவே கீழே பாட்டி கும்பிடுகிறார். ஒரே சுவிட்சில் இரண்டு கனெக்‌ஷன்! போட்டாள், அத்தை கும்பிட்டார். அணைத்தாள், கையை இறக்கினார். போட்டாள், மறுபடி கும்பிட்டார். கும்பிடாமல் விட்டால் தெய்வக் குத்தம், விடாமல் கும்பிட்டால் தோள்பட்டை வலி. “மாப்பிள்ள, கொஞ்சம் பாப்பாவ இறக்குங்களேன்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே கெஞ்சினார். இறக்கினேன். அன்றைக்குப் பாப்பா போட்ட அழுகைக்குக் கீழ் வீட்டு ஓனரம்மா மாடி ஏறி வந்துவிட்டார்.

இதில் என்ன கெட்டுப்போச்சு என்று நீங்கள் கேட்கலாம். ஆரம்பத்தில் கரண்ட் பில்லைக் காரணம் காட்டிப் பார்த்தேன். எடுபடவில்லை. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் மின்சாரத்தைப் பற்றிப் பயமுறுத்துவதே கஷ்டம். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்திலேயே வல்லூரில் 1500 மெகாவாட். பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 9 வாட் பல்பு ஒரு யூனிட் சாப்பிட 111 மணி நேரம் எரிய வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வேறு 2016இலிருந்து இலவசம். பாப்பா ராத்திரி பகலாகத் தட்டினாலும் பைசாக் கணக்கில்தான் நிற்கிறது. “இதே கணக்க கீசருக்குப் போட்டுப் பாருங்க” என்றாள் வீட்டுக்காரி. 2000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை முழுங்கும். குளித்துவிட்டு அதை அணைக்காமல் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறவர் யார் என்ற விவரம் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

ஆனால் பில் வேறு, ஆபத்து வேறு. எங்கள் போர்டு பழைய காலத்துச் சாமான். மரப் பெட்டிமேல் பேக்கலைட் பலகை, வரிசையாகப் பியானோ சுவிட்ச், நடுவில் ஐந்து ஓட்டைப் பிளக், கரண்ட் இருந்தால் எரிகிற சிவப்பு இண்டிகேட்டர். ஒரு சுவிட்சுக்கு மூக்கு உடைந்திருந்தது. தரையிலிருந்து அரையடியில் டி.வி.க்கென்று இன்னொரு பிளக் வேறு. அந்த ஓட்டை ஒவ்வொன்றும் பாப்பாவின் சுண்டுவிரலைப் பார்த்து ‘வா’ என்றது. சேர்மேல் நிற்கிற குழந்தை விழுந்தால் என்ன செய்வது? ஈரக் கையோடு தொட்டால்? வெறும் லைட் சுவிட்சுதானே என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதும், சேஃப்டிக்காரனின் வயிற்றில் மட்டும் புளி கரைந்தபடியே இருந்தது.

முதலில் செலோடேப். சுவிட்சுகளுக்குக் குறுக்கே இழுத்து ஒட்டினேன். பாப்பா அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டி, மெதுவாக, முனை கிழியாமல் உரித்தாள். கடையில் வாங்கிய புது டேப்பின் முனையைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி ஆகும். இவள் உரித்து, தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

அடுத்தது ஆன்லைன். ‘குழந்தைப் பாதுகாப்புப் பிளக் மூடி, ஒரு டஜன்’ என்று படம் போட்டிருந்தது. வந்து பிரித்தால் எல்லாவற்றுக்கும் தட்டைக் கால். அமெரிக்கக் குழந்தைகளுக்காகச் செய்தது. நம் ஊர் ஓட்டைகளோ உருண்டை. இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. நம்முடைய உருண்டைக் கால் பிளக் எல்லாம் பிரிட்டிஷ்காரர்கள் 1934இல் வகுத்த தர அளவிலிருந்து வந்தவை. யுத்த காலத்தில், இனிமேல் கட்டப்போகிற வீடுகளுக்கு எப்படிப்பட்ட பிளக் வேண்டும் என்று அங்கே ஒரு கமிட்டி போட்டார்கள். அதில் இருந்த ஒரே பெண் காரலைன் ஹாஸ்லெட் என்கிற என்ஜினீயர். குழந்தை விரலோ குச்சியோ உள்ளே போகக் கூடாது என்று அந்த அம்மாள் அழுத்திச் சொன்னார். அந்தக் கமிட்டியின் யோசனைப்படி ஓட்டைகளை மறைக்க உள்ளே கதவு வைத்தார்கள். பிளக்கின் எர்த் கால் மற்ற இரண்டையும்விட நீளம், அது முதலில் போய்க் கதவைத் தள்ளினால்தான் மற்றதற்கு வழி திறக்கும். இந்தப் புது பிளக்குக்கான தர அளவு வந்த வருஷம் 1947. அதே வருஷம் அவர்கள் இங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, கதவு வைத்த பிளக்கை மட்டும் கையோடு எடுத்துப் போய்விட்டார்கள். என் ஒரு டஜன் அமெரிக்க மூடியும் இப்போது, பாப்பா தூங்கிய பிறகு, அத்தையின் தாயக்கட்டத்தில் காய்களாக ஓடுகின்றன.

பிறகுதான் எனக்குள் இருந்த சேஃப்டி ஆபீசர் முழுசாக விழித்துக்கொண்டான். கம்பெனியில் பவர் பிரஸ் என்று ஒரு மெஷின். மேலிருந்து இறங்கினால் தகடு கிண்ணமாகும். கை இருந்தால் கையும் ஆகும். அதனால் அதற்கு இரண்டு பட்டன், ஒன்றுக்கொன்று தள்ளி. இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் மெஷினுக்குள் எந்தக் கை போகும்? எளிமையான, அழகான யோசனை. இதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியது. எங்கள் ஃபிட்டர் ஒருவரிடம் சொன்னேன். அவர் அக்ரிலிக் ஷீட்டில் ஒரு மூடி செய்து கொடுத்தார். இந்தப் பக்கம் ஒரு கொக்கியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஒரு நாக்கைத் தூக்கினால்தான் திறக்கும். சுவரில் டிரில் போடக் கூடாது என்பது ஓனரம்மாவின் சட்டம். அதற்கு எந்தப் பிரிவிலும் விலக்கு கிடையாது. ஆகவே போர்டு பெட்டியின் ஸ்க்ரூவிலேயே மாட்டினேன்.

மாட்டிய அன்றைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பாப்பா வந்தாள், சேர் போட்டாள், ஏறினாள், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சுவிட்சுகளைப் பார்த்தாள், இறங்கிப் போய்விட்டாள். நான் வீட்டுக்காரியைப் பார்த்த பார்வையில் ஒரு மார்ச் 4 இருந்தது.

ஆனால் வீட்டில் இரண்டு கையும் சும்மா இருக்கிற ஆள் யார் சொல்லுங்கள்? வீட்டுக்காரிக்கு ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் போன். அதில் பேச ஆரம்பித்தால் கரண்டியும் வேலை செய்யாது. ஷிஃப்ட் முடிந்து ஒரு கையில் டிபன் பையும் மறு கையில் ஹெல்மெட்டுமாக வருகிற நான், இருட்டில் முழங்கையால் கொக்கியைத் தேடி, நாக்கைத் தூக்குவதற்குள் கொக்கி விட்டு, கொக்கியைப் பிடிப்பதற்குள் ஹெல்மெட் காலில் விழுந்து, ஷூ போட்டிருந்ததால் தப்பினேன். ஷூ போடு என்று நான் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

ஒரு நாள் பொழுது சாய்ந்து வெகு நேரம் கழித்து வந்தேன். கதவு திறந்திருந்தது, உள்ளே இருட்டு. சோபாவில் யாரோ அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரு? அத்தையா? ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க? கரண்ட் இல்லையா?”

“கரண்ட் இருக்கு மாப்பிள்ள. இவ கடைக்குப் போயிருக்கா. எனக்கு அந்தப் பொட்டியத் தொறக்கத் தெரியல.”

“அதுக்காக இப்படியேவா உக்காந்திருப்பீங்க?”

“பாப்பா தூங்குறா. எழுந்தான்னா தொறந்து போட்டுடுவா.”

அப்படியும் நம்பாமல், பாப்பா எழுந்ததும் வாசல் நிலைக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தேன். சேர் வந்தது. ஏறினாள். வலது கையால் கொக்கியை அழுத்தினாள். இடது கையால் பின்னால் சேரைப் பிடித்துக்கொண்டாள், விழக் கூடாதே. நாக்கை மோவாயால் நெம்பித் தூக்கினாள். திறந்தது. லைட்டைப் போட்டாள். உள்ளேயிருந்து அத்தை கும்பிட்டார். பவர் பிரஸ்ஸில் மோவாயைக் கணக்கில் சேர்க்காமல் டிசைன் செய்திருக்கிறார்களே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராததால் படித்தேன். ஜான் பியாஜே என்று ஒரு சுவிஸ் நாட்டு மேதை. தன்னுடைய மூன்று குழந்தைகளையும் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்தே குழந்தை மனசைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். ஒரு வயசுக்கும் ஒன்றரை வயசுக்கும் நடுவில் குழந்தை வேண்டுமென்றே ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மாற்றிச் செய்து என்ன ஆகிறது என்று பார்க்கும் என்கிறார். எங்கள் வீட்டில் இது சத்தியமான வார்த்தை. பாப்பா சுவிட்சை விரலால் போடுவாள், உள்ளங்கையால் போடுவாள், முழங்கையால், பொம்மையின் காலால். ஒவ்வொரு தரமும் நிமிர்ந்து பல்பைப் பார்ப்பாள். பியாஜே எழுதிக்கொண்டே இருந்தாரே, அந்த வீட்டில் அணைத்துப் போட எழுந்து போனது யார் என்று மட்டும் எங்கும் தட்டுப்படவில்லை.

அந்த ‘டக்’ சத்தத்துக்கும் ஒரு ஆள் இருக்கிறார். ஜான் ஹென்றி ஹோம்ஸ், இங்கிலாந்தில் நியூகாசில்காரர், 1884. ஆரம்ப காலத்து சுவிட்சை மெதுவாக நகர்த்தினால், பிரிகிற இரண்டு உலோகத்துக்கும் நடுவில் தீப்பொறி பாலம் போட்டு நிற்கும், சுவிட்சே கருகிவிடும். ஹோம்ஸ் உள்ளே வில் வைத்தார். நீங்கள் எவ்வளவு சோம்பேறித்தனமாக அழுத்தினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் வில் அதைப் பிடுங்கிக்கொண்டு வெடுக்கென்று தாவும். டக்! பாப்பாவுக்கு லைட்டைவிட அந்தத் துள்ளல்தான் உயிர். ஆக, நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சேஃப்டிக்காகச் செய்த காரியம், இன்றைக்கு இன்னொரு சேஃப்டிக்காரன் வயிற்றில் அடிக்கிறது.

குழந்தைக்கு விளையாட வேறு சுவிட்ச் கொடுத்துவிட்டால் போகிறது என்று யாரோ சொன்னார்கள். பஜாரில் போய் ஒரு பலகை, நாலு சுவிட்ச், ஒரு ரெகுலேட்டர், பிளக் எல்லாம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முறுக்கினேன். கடைக்காரர் “வயர் எத்தனை மீட்டர் சார்?” என்றார். “வயர் வேண்டாம்” என்றேன். “அப்ப எப்படி எரியும்?” “எரிய வேண்டாம்.” அவர் பில்லை என்னிடம் கொஞ்சம் எட்ட நின்று நீட்டினார்.

பாப்பா முன்னால் வைத்தேன். உட்கார்ந்தாள். முதல் சுவிட்சைத் தட்டினாள். டக். நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இரண்டாவது. டக். கூரை. மூன்றாவது. டக். இந்தத் தடவை பாட்டியைத் திரும்பிப் பார்த்தாள், பாட்டியும் கும்பிடவில்லை. நாலாவதையும் தட்டிப் பார்த்துவிட்டு, பலகையை இரண்டு கையாலும் தூக்கமாட்டாமல் தூக்கி, என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். ரிப்பேர் பார்க்கக் கொடுத்துவிட்டாள். இன்றுவரை அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வேலை என்ன ஆச்சு என்று கேட்கிற மாதிரியே இருக்கிறது.

இதற்கிடையில் மோட்டார் விவகாரம். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் தண்ணீர் மோட்டார் சுவிட்ச். அதைப் போடுகிற அதிகாரம் ஓனரம்மாவுக்கு மட்டும். கதவு திறந்திருந்த ஒரு பத்து நிமிஷத்தில் சேர் அங்கேயும் போய்விட்டது. லைட் எரியாததால் பாப்பாவுக்கு அந்த சுவிட்ச் பிடிக்கவில்லை, போட்டுவிட்டு வந்துவிட்டாள். பிடித்திருந்தால் அணைத்திருப்பாள். மொட்டை மாடிச் சின்டெக்ஸ் நிரம்பி, வழிந்து, அங்கே சேலை விரித்துக் காயப்போட்டிருந்த கூழ் வத்தல் எல்லாம் மறுபடி கூழானது. சித்திரை வெயிலுக்காக விடியற்காலை எழுந்து பிழிந்த வத்தல். ஓனரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. என்னை மேலும் கீழும் பார்த்து, “சேஃப்டின்னு சொன்னீங்களேன்னுதான் தம்பி, அட்வான்ஸ்கூடக் கொறைச்சு வீடு குடுத்தேன்” என்றார்.

அந்த வார்த்தை சுட்டது. மறு நாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஆந்திரா எல்லை பக்கமாச்சே, தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற பெரியவர். ‘குழந்தை தொட முடியாதபடி செய்யணும்’ என்று என் தேவையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் ஸ்டூலில் ஏறி, சுவிட்ச் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பல்பைக் கழற்றி ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

“சார், சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கு.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக்குள் கரண்ட் ஃபேஸில் வந்து நியூட்ரலில் திரும்புகிறது. சுவிட்ச் ஃபேஸ் வழியை மறிக்க வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் மாற்றிக் கொடுத்து, எங்கள் ஹாலிலும் பாத்ரூமிலும் சுவிட்ச் திரும்புகிற வழியை மறித்துக்கொண்டிருந்தது. அதாவது, அணைத்தால் பல்பு அணையும், ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். அந்த பாத்ரூமில் ஈரத் தரையில் ஸ்டூல் போட்டு, ‘சுவிட்சை அணைச்சாச்சு’ என்ற தைரியத்தில் நான் பல்பு மாற்றியிருக்கிறேன். பாப்பாவை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு.

“இவ்ளோ நாளா பாக்காம இருந்தீங்களா? சார் என்ன வேலை?”

“ஆபீஸ்ல” என்றேன்.

அவர் அரை நாள் குனிந்து, வயர்களை இடம் மாற்றி, மூக்கு உடைந்த சுவிட்சைத் தூக்கி எறிந்து, கீழ் பிளக்குகளுக்குக் கதவு வைத்த புது வகையைப் போட்டார். எழுபது வருஷத்துக்கு மேல் தாமதமானாலும் ஹாஸ்லெட் அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மோட்டார் சுவிட்சை ஓனரம்மாவின் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோனார். கடைசியாக மெயின் பக்கத்தில் ஆர்.சி.சி.பி. ஒன்றை மாட்டினார், 30 மில்லி ஆம்பியர். வீட்டுக்கு மின்வாரியம் சொல்கிற அளவும் அதுதான். போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். யார் உடம்பு வழியாகவாவது கொஞ்சம் மண்ணுக்கு ஒழுகினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் மொத்த வீட்டையும் அணைத்துவிடும். 9 வாட் பல்பு இழுக்கிற கரண்டைவிடக் குறைந்த ஒழுக்கு போதும்.

“இது இருந்தா ஒண்ணும் ஆகாதில்ல?” என்றாள் வீட்டுக்காரி.

“ஒரு கைல ஃபேஸ், ஒரு கைல நியூட்ரல் புடிச்சா அதுக்குத் தெரியாதும்மா. அதுக்கு நீங்களும் ஒரு பல்புதான்” என்றார் பெரியவர். இந்த ஒரு வரியை விளக்க நான் கம்பெனியில் முப்பது ஸ்லைடு வைத்திருக்கிறேன்.

லைட் சுவிட்சுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா அவருடைய டெஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உள்ள எல்லாம் சரியா இருக்கு சார். போட்டா போட்டுப் போகட்டும். சேர மட்டும் எடுத்து வெளிய வைங்க” என்றார். அக்ரிலிக் மூடியைக் கழற்றி, பேத்திக்கு விளையாட ஆகும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மெயினுக்குப் பக்கத்தில் போய், “இது என்ன தெரியுமா? அப்பா பாப்பாவுக்காக வாங்கினது. யாருக்கும் ஷாக் அடிக்காது” என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அதில் ‘டி’ என்று எழுதிய ஒரு குட்டிப் பட்டன். சாதனம் வேலை செய்கிறதா என்று அவ்வப்போது அழுத்திப் பார்ப்பதற்கு. என் விளக்கம் முடிவதற்குள் ஒரு சுண்டுவிரல் நீண்டது.

டக்.

வீடே அணைந்தது. ஹால், சமையலறை, பாத்ரூம், ஃபேன், ஃபிரிட்ஜ், அத்தையின் சீரியலில் அப்போதுதான் கன்னத்தில் அறை வாங்கப்போன மருமகள், எல்லாம். இத்தனை நாளாக ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக் காலத்தை வீணடித்திருக்கிறோமே என்பதுபோல் இருட்டில் என் காதுக்குப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு. நான் லீவரைத் தூக்கிவிட்டேன். வெளிச்சம் வந்தது, அத்தை கும்பிட்டார். டக்.

கீழேயிருந்து ஓனரம்மா குரல் கொடுத்தார். “தம்பி, எங்க வீட்ல இருக்கே! உங்க வீட்ல மட்டுமா போச்சு?”

“ஆமாம்மா. எங்க வீட்ல மட்டுந்தான். மெயின்டெனன்ஸ்.”

“எப்ப வருமாம்?”

“கேட்டுத்தாம்மா சொல்லணும்” என்று பாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.